சந்தைத் தெருவின் இரண்டு பூட்டு

மாரிக்கனியின் போன் வந்தபோது பாண்டிசெல்வியின் வாயில் குண்டூசிகள் இருந்தன. மறுநாள் காலை சுந்தரம்மாள் வீட்டு மருமகளுக்கு வளைகாப்பு. அந்தப் பெண்ணின் பட்டு ரவிக்கைக்கு இன்னும் கை பொருத்தவில்லை. சொன்ன நேரத்துக்கு ரவிக்கை கொடுத்த தையல்காரி ராஜபாளையத்தில் இதுவரை பிறக்கவில்லை என்று ஊரில் சொல்வார்கள். அந்தப் பேரை மாற்றிக் காட்ட வேண்டும் என்ற வீம்பில், போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு மெஷினிலேயே கண்ணாக இருந்தாள்.

"அக்கா, அவரு போயிட்டாருக்கா."

பாண்டிசெல்வி குண்டூசிகளை உள்ளங்கையில் துப்பினாள். மாரிக்கனியின் புருஷன் காமராஜ் மத்தியானம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபோது, கேஸ் டிரபிள் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் பெரியாஸ்பத்திரிக்கு ஆட்டோவில் ஏறும்போதுகூட, "சாயங்காலம் வந்து கேரம் போர்டுல ஒங்களக் கவனிச்சுக்கிடுதேன்" என்று சவால் விட்டுத்தான் போனான்.

"வழியிலயே முடிஞ்சிருச்சாம். வண்டியில ஏத்திட்டோம். வீட்டுக்காரர் அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். அவுக மகளுக்குப் பூ வச்சு நிச்சயம் பண்ணியிருக்காம், வீட்டு வாசல்ல எறக்கக் கூடாதாம். நேரா சுடுகாட்டுக்குக் கொண்டு போங்கன்னுட்டாரு. எம்மவன் திருப்பூர்ல இருந்து விடிஞ்சுதான் வருவான். அது வரைக்கும் நான் இவர எங்கக்கா வச்சிருப்பேன்?"

அவள் அழவில்லை. அழுதிருந்தால் பாண்டிசெல்வி ஏதாவது ஆறுதல் சொல்லி ஒப்பேற்றியிருப்பாள்.

"ஹாலுக்குக் கொண்டு வா" என்றாள்.

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவளுக்குப் புரிந்தது.

ஹால் என்றால் கல்யாண மண்டபம் இல்லை. பாண்டேஜ் துணி அடுக்கிவைத்திருந்த பழைய குடோன். பஸ் போகும் வழியை மாற்றிய பிறகு சந்தைத் தெருவில் ஆள் நடமாட்டம் அற்றுப்போய், ஒவ்வொரு கடையாகப் பூட்டிக்கொண்டு வந்தார்கள். மிச்சமிருந்தவர்கள் பாண்டிசெல்வியின் தையல் கடை, தங்கச்சாமியின் பாத்திரக்கடை, இருதயத்தின் வெல்டிங் பட்டறை என்று விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான். குடோனை எங்களுக்குக் கொடுங்கள், ஜனம் வந்து உட்கார ஒரு இடம் இருந்தால் தெரு பிழைத்துக்கொள்ளும் என்று அதன் சொந்தக்காரர் வேதசிரோமணியிடம் போய்க் கேட்டவள் பாண்டிசெல்வி. அவர் ரிட்டயரான தலைமையாசிரியர். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு அபார்ட்மெண்டில் தனியாக இருக்கிறார். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரருக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவையே வாங்கிக்கொண்டு போனவளைப் பார்த்து அவர் வாய்விட்டுச் சிரித்தார். லிஃப்டில் ஏறப் பயந்து படியேறிப் போயிருந்தாள் அவள். லிஃப்ட் பக்கத்தில் ஒட்டியிருந்த காகிதத்தில் வரிக்கு வரி 'கூடாது' என்றிருந்தது வேறு பயத்தைக் கூட்டியிருந்தது.

"ஒரு வருஷம் தாரேன். அதுக்குள்ள தெருவுல ஆள் வரணும். வரலைன்னா உரக் கம்பெனிக்காரன் கேக்கான், அவனுக்கு விட்டுருவேன்" என்றார்.

ஆள் வந்தது. போலீஸ் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் காலையில் வந்து உட்கார்ந்தார்கள். அவர்களை நம்பி டீக்கடை திறந்தது. ஞாயிற்றுக்கிழமை ஜெபக் கூட்டம், வெள்ளிக்கிழமை விளக்கு பூஜை, சாயங்காலம் கேரம். ஆனால் நல்ல காரியம் ஒன்றுகூட நடக்கவில்லை. குடோனில் போய்க் காது குத்துவதா என்று மூக்கைச் சுளித்தார்கள். கெஞ்சிக் கூத்தாடிப் பிடித்த முதல் விசேஷம்தான் சுந்தரம்மாள் வீட்டு வளைகாப்பு. வருஷம் முடிகிற நேரம். வளைகாப்பை நேரில் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்று வேதசிரோமணியும் காலையில் வருகிறார். அந்த ஹாலில்தான் இப்போது பிணத்தை இறக்கச் சொல்லியிருக்கிறாள்.

அதுவும் யாருக்காக? ஹாலைக் கூட்டிப் பெருக்கக் கூப்பிட்டபோது, "ஹாலு எனக்குச் சோறு போடுமா?" என்று மூஞ்சியில் அடித்தாற்போலக் கேட்டவள் மாரிக்கனி. காமராஜோ கேரத்தில் கண் மூடித் திறப்பதற்குள் காயைத் தள்ளிவைக்கிற கள்ளன். அவனோடு சண்டை போடாத ஆளே தெருவில் கிடையாது.

ரவிக்கையை மடித்துவைத்துவிட்டு, மழையில் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு பாண்டிசெல்வி பாத்திரக்கடைக்கு ஓடினாள். ஓடித்தான் ஆக வேண்டும். ஹாலின் இரும்புக் கதவில் இரண்டு பூட்டு. அம்மன் கோயில் நகைப்பெட்டிக்கு இரண்டு பூட்டுப் போட்டு, இரண்டு வகையறாவிடம் ஆளுக்கொரு சாவி கொடுத்துவைப்பது இந்தப் பக்கத்து வழக்கம். ஒருத்தர் தனியாகத் திறக்க முடியாது. சந்தேகம், சண்டை வராது. ஹாலுக்கும் அப்படியே செய்தார்கள். ஒரு சாவி பாண்டிசெல்வியின் இடுப்பில். இன்னொன்று வியாபாரிகள் சார்பில் தங்கச்சாமியிடம். காமராஜ் குடியிருந்த வீட்டுக்குச் சொந்தக்காரரும் அதே தங்கச்சாமிதான்.

"அண்ணாச்சி, ஹால் சாவி வேணும்."

தங்கச்சாமி எவர்சில்வர் குடங்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். அவள் முகத்தைப் பார்த்ததுமே அவருக்கு விளங்கிவிட்டது.

"ஒனக்கும் போன் போட்டுட்டாளா?"

"வண்டி கெளம்பிருச்சு அண்ணாச்சி."

"ஏம்மா, நான் என்ன ராட்சசனா? எம்மகளுக்குத் தை மாசம் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டுக்காரவுக இந்த வாரம் வீடு பாக்க வாராக. அவுக கேள்விப்பட்டா என்ன நெனப்பாக? நான் யாருக்குப் பதில் சொல்லுவேன்?"

"வீட்ட விடுங்க. ஹாலு எல்லாத்துக்கும் பொதுதான?"

"பொதுதான். அதுக்குத்தான் சொல்லுதேன். ஒரு தடவ பிணத்த எறக்கிட்டா அது சாவு ஹாலு. பொறவு எவன் வந்து இங்க தொட்டில் போடுவான்? நாளைக்கு அந்தப் பெரிய மனுசன் வாராரு. வளைகாப்பக் காட்டித்தான் ஹாலத் தக்க வைக்கணும்னு நீதான சொன்ன? நீ மெஷினத் தூக்கிட்டு எங்க வேணும்னாலும் போயிருவ. நான் இம்புட்டுப் பாத்திரத்தையும் தூக்கிட்டு எங்க போவேன்?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனால்தான் பாண்டிசெல்விக்குக் கோபம் இன்னும் ஏறியது. நியாயம் இல்லாத ஆளாக இருந்தால் தெருவில் நின்று நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போகலாம்.

"நாளைக்கு ஹால் சுந்தரம்மாவுக்குன்னு பேசியாச்சு" என்றார் தங்கச்சாமி. "அந்தம்மா சரின்னு சொல்லட்டும். சாவி தாரேன்."

சுந்தரம்மாள் வீடு பின் தெருவில். வாசலில் வாழைக்குலை, கூடத்தில் பூக்கூடை, அடுக்கடுக்காகக் கண்ணாடி வளையல். மருமகள் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து மருதாணி வைத்துக்கொண்டிருந்தாள். ரவிக்கையோடு வந்திருக்கிறாள் என்று நினைத்து அந்தப் பெண் சிரித்தபோது பாண்டிசெல்விக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

பின்கட்டுக்குக் கூட்டிப்போய் மெதுவாக விஷயத்தைச் சொன்னாள். சுந்தரம்மாளுக்கு ஆத்திரம் வந்தால் வீட்டுத் தெலுங்குதான் முதலில் வரும்.

"வத்து, வத்து! வேண்டாம்! இன்னொரு தடவ அந்தப் பேச்ச எடுக்காத!" கதவைச் சாத்தினாள். "இந்தப் பிள்ளைக்கு ரெண்டு தடவ கலைஞ்சு போச்சு, தெரியுமில்ல? மூணாவதா இப்பத்தான் தங்கியிருக்கு. நேந்துக்கிடாத கோயில் கிடையாது. பிணம் கெடத்துற எடத்துல இவள மணையில உக்கார வைக்கணுமா?"

"வேண்டாம்க்கா. அத எப்படிச் சொல்லுவேன்? விசேஷத்த வீட்டுல..."

"இந்த வீட்டுலயா? நாலு பேரு வந்தா அஞ்சாவது ஆளு தெருவுல நிக்கணும். முகூர்த்த நாளு, ஊருல ஒரு மண்டபம் காலி இல்ல. நீ வந்து கெஞ்சுனன்னுதான அந்தக் குடோனுக்கு ஒத்துக்கிட்டேன்?"

பாண்டிசெல்வி தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். கெஞ்சியது உண்மை. காலில் விழாத குறை.

"அவன் செத்ததுக்கு நான் வருத்தப்படுதேன். ஆனா முடியாது. ஹால்ல அவன எறக்குனீங்கன்னா, அந்த ரவிக்கைய நீயே வச்சுக்க."

திரும்பி வரும்போது மழை வலுத்திருந்தது. மாரிக்கனியிடமிருந்து மறுபடி போன். வண்டி பாதி வழி வந்துவிட்டதாம். 'எங்கே வரணும்' என்று டிரைவர் கேட்கிறாராம். பாண்டிசெல்விக்கு உண்மையைச் சொல்லிவிடலாம் போல இருந்தது. ஹால் கிடைக்காது, மன்னித்துக்கொள் என்று சொல்வதற்கு எவ்வளவு நேரம் ஆகிவிடும்? "வா, வா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். சொன்ன வாய்க்குச் சூடு போட வேண்டும் என்று தன்னைத்தானே வைதுகொண்டாள்.

இருதயம் பட்டறையை ஒதுக்கிக்கொண்டிருந்தார். ஹாலின் கதவும், அதில் பூட்டு மாட்டுகிற கொண்டிகளும் அவர் கையால் செய்தவை.

"அண்ணே, அந்த ஒரு பூட்ட மட்டும் அறுத்துக் குடுங்க."

இருதயம் கட்டிங் மெஷினைக் கையில் எடுத்தார். பிளக்கைச் சொருகப் போனவர் அப்படியே நின்றார்.

"அறுத்துருவேன். கண்ண மூடித் திறக்குறதுக்குள்ள அறுத்துருவேன். ஆனா பாண்டி, எங்க ஜெபக் கூட்டத்துக்கு இந்த ஹாலக் குடுக்கக் கூடாதுன்னு ஒரு கூட்டம் வந்து நின்னுச்சே, ஞாவகம் இருக்கா? ரெண்டு பூட்டு இருக்கு, ரெண்டு பேரு சம்மதம் இருக்குன்னு சொல்லித்தான அன்னைக்கு வாயடைச்ச? இன்னைக்கு நீ நல்லதுக்கு அறுக்க. நாளைக்கு அந்தக் கூட்டத்து ஆளு கெட்டதுக்கு அறுப்பான். அப்ப நீ என்ன பேசுவ?"

"அதுக்காகக் காமராஜ மழையில போடவா?"

"அதுதான் தெரியல. நீ சொல்லு, செய்யுதேன்."

கருவியை அவள் பக்கமாக நீட்டிக்கொண்டு நின்றார். அவள் வாயைத் திறப்பதற்குள் தெரு முனையில் வண்டியின் விளக்கு திரும்பியது.

அமரர் ஊர்தி ஊர்ந்து வந்து பூட்டிய கதவுக்கு முன்னால் நின்றது. டிரைவர் இறங்கிக் கதவைப் பார்த்தார், பூட்டுகளைப் பார்த்தார், பிறகு பாண்டிசெல்வியைப் பார்த்தார். அவள் தன்னிடமிருந்த சாவியால் ஒரு பூட்டைத் திறந்தாள். இன்னொன்று அப்படியே தொங்கியது. பாதிப் பூட்டைத் திறந்தால் பாதிக் கதவு திறந்துவிடாது.

சந்தைத் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. பிணம் தெருவைத் தாண்டும்வரை எந்தக் கடையும் திறந்திருக்கக் கூடாது. ஷட்டரை இறக்கிவிட்டுக் கடைக்காரர்கள் வாசலில் வந்து நிற்பார்கள். கடந்ததும் ஏற்றுவார்கள். ஒரு டீ ஆறுகிற நேரம்கூட ஆகாது. அந்தப் பழக்கத்தில் டீக்கடை முதலில் அடைத்தது. பிறகு பழக்கடை, செல்போன் கடை, இருதயத்தின் பட்டறை. தடதடவென்று ஷட்டர்கள் இறங்கின. வாசலில் வந்து நின்றவர்கள் வண்டி நகரும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். வண்டி நகரவில்லை.

ஹால் வந்த பிறகு ஒவ்வொன்றாக ஏற்றிய விளக்குகள் எல்லாம் அணைந்து தெரு பழையபடி இருண்டு கிடந்தது. பாத்திரக்கடை மட்டும் திறந்திருந்தது. அதன் வெளிச்சத்தில் குடங்கள் பளபளத்தன. அத்தனை பேரும் அந்த ஒரு கடையையே பார்த்தார்கள்.

மாரிக்கனி வண்டியிலிருந்து இறங்கினாள். தலையில் துணிகூடப் போட்டுக்கொள்ளாமல், நனைந்துகொண்டே பாத்திரக்கடைக்கு நடந்தாள். பாண்டிசெல்வி பின்னாலேயே ஓடினாள். கத்தப்போகிறாள், மண்ணை வாரித் தூற்றப்போகிறாள் என்று நினைத்தாள். மாரிக்கனி இடுப்பிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்துத் தங்கச்சாமியின் முன்னால் மேஜையில் வைத்தாள்.

"அண்ணாச்சி, வீட்டுச் சாவி. அவரு வரக்கூடாத வீட்டுக்கு நானும் வரல. சட்டி பானைய எம்மவன் வந்து எடுத்துக்கிடுவான்."

அவ்வளவுதான். திரும்பிப் போய் வண்டியின் பின்னால் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

தங்கச்சாமி அந்தச் சாவியைத் தொடவில்லை. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து விளக்கை அணைத்தார், வெளியே வந்து ஷட்டரைத் தன் கையால் இழுத்து இறக்கினார். வழக்கத்துக்குத் தலை வணங்கிவிட்டார், இனி வீட்டுக்குப் போய்விடுவார் என்று பாண்டிசெல்வி நினைத்தாள். அவர் தெருவைக் குறுக்காகக் கடந்து ஹாலுக்கு வந்தார்.

"நடுத்தெருவுல நிறுத்தி வச்சா நாளைக்குப் பூரா ஒரு கடை தொறக்க முடியாது" என்று யாரிடமோ சிடுசிடுத்தார். சட்டைப் பைக்குள் கையை விட்டுச் சாவியை எடுத்தார். இருட்டில் சாவி துவாரத்தில் ஏறவில்லை. "என்ன வேடிக்கை? வந்து பிடிங்கடே!"

பூட்டு திறந்தது. ஸ்ட்ரெச்சரின் தலைமாட்டுப் பக்கத்தைத் தங்கச்சாமியே பிடித்தார்.

கேரம் போர்டை நகர்த்தி, அந்த இடத்தில் பெஞ்சுகளைச் சேர்த்துப்போட்டுக் காமராஜைக் கிடத்தினார்கள். மாரிக்கனி அப்போதுதான் அழுதாள். அந்தச் சத்தம் தகரக் கூரையில் விழும் மழையைவிடப் பெரிதாக இருந்தது. இருதயம் காய்களைத் துழாவிச் சிவப்புக் காயை எடுத்துக் காமராஜின் சட்டைப் பையில் போட்டார். "எப்பவும் நீதான எடுத்துக்கிடுவ, வச்சுக்க" என்றார். பாண்டிசெல்விக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

சுந்தரம்மாள் சொன்னது சொன்னதுதான். வளைகாப்பை வீட்டு வாசலில் ஷாமியானா போட்டு, பாதி ஜனம் நனைய நனைய முடித்தாள். ரவிக்கையை ஆள் விட்டும் வாங்கவில்லை. இன்றுவரை பாண்டிசெல்வியைக் கண்டால் அந்தப் பக்கமாகத் திரும்பிக்கொள்வாள். அதில் தப்பு சொல்லப் பாண்டிசெல்விக்கு வாய் வராது. காது குத்துக்குக் கேட்டிருந்த இன்னொரு குடும்பமும் விடிவதற்குள் போன் போட்டு வேண்டாம் என்றுவிட்டது. தங்கச்சாமி சொன்ன ஒவ்வொன்றும் அப்படியே பலித்தது.

காலையில் மகன் வந்துவிட்டான். சாவுக்குத் துட்டி கேட்க வந்த ஜனம் ஹாலை நிறைத்து, தெருவை நிறைத்து, பாத்திரக்கடைப் படி வரை உட்கார்ந்திருந்தது. போலீஸ் பரீட்சைப் பிள்ளைகள் நாற்காலி போட்டார்கள். ஜெபக் கூட்டத்துப் பெண்கள் காபி போட்டு ஊற்றினார்கள். தங்கச்சாமி பாண்டிசெல்வியின் பக்கத்தில் வந்து வேறெங்கோ பார்த்துக்கொண்டு நின்றார். அவள் கையில் அந்த வீட்டுச் சாவியைத் திணித்தார்.

"நீ குடுத்துரு. நான் குடுத்தா வாங்க மாட்டா."

அந்த நேரத்தில்தான் வேதசிரோமணியின் கார் வந்தது. வளைகாப்புக்கு என்று வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு, ஒரு கையில் கைத்தடியும் மறு கையில் பால்கோவாப் பெட்டியுமாக இறங்கினார்.

"என்னம்மா, விசேஷம்னு சொன்ன?"

"விசேஷம் இல்ல சார். துட்டி. வாடகை வீட்டுல எறக்க விடல, நான்தான் இங்க கொண்டு வரச் சொன்னேன். யாரையும் குத்தம் சொல்லாதீங்க சார், எல்லாம் எம்மேலதான்."

வாடகை வீடு என்றதும் பக்கத்தில் நின்ற தங்கச்சாமி தலையைக் குனிந்துகொண்டார். வேதசிரோமணி பெட்டியை டிரைவரிடம் கொடுத்துவிட்டு, செருப்பைக் கழற்றிப்போட்டு உள்ளே போனார். யாரென்றே தெரியாத காமராஜின் கால்மாட்டில் கண்ணை மூடி நின்றார். பிறகு ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, வருகிறவர்களையும் போகிறவர்களையும் பார்த்துக்கொண்டிருந்தார். தூக்குகிற நேரம் நெருங்கியபோது பாண்டிசெல்வியைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

"எங்க அபார்ட்மெண்டுல லிஃப்டுல பாடிய ஏத்தக் கூடாதுன்னு எழுதி ஒட்டியிருக்கான். நீ பாத்திருப்ப. எதிர் வீட்டு வாத்தியார் போனப்ப, கீழ கார் நிறுத்துற எடத்துல செத்த நேரம் வச்சுட்டு எடுத்துட்டுப் போயிட்டாங்க. அவரு சம்சாரத்துக்கு முட்டி வலி, படி எறங்க முடியல. பால்கனியில நின்னே பாத்துச்சு." காமராஜ் கிடந்த பெஞ்சைப் பார்த்தார். "உரக்காரன வேற எடம் பாத்துக்கச் சொல்லிருதேன். ஏம்மா, எம்பிள்ளைங்க ரெண்டும் வெளிநாட்டுல இருக்கு. அதுக வந்து சேருற வரைக்கும், எனக்கும் இந்த ரெண்டு பூட்டும் தொறக்குமா?"

தன்னுடைய பூட்டுக்கு மட்டும்தான் பாண்டிசெல்வியால் பதில் சொல்ல முடியும். அவள் தங்கச்சாமியைத் திரும்பிப் பார்த்தாள்.

தங்கச்சாமி கதவுக்குப் போனார். நேற்றுத் திறந்த அவருடைய பூட்டு சாவியோடு கொண்டியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றி எடுத்தார், பக்கத்துப் பட்டறைவரை நடந்து, இருதயம் பழைய இரும்பு போட்டு வைக்கிற டின்னுக்குள் சாவியோடு போட்டார்.

"இனிமே ஒரு பூட்டுதான் சார்" என்றார்.

வெளியே கொட்டுச் சத்தம் எழுந்தது. காமராஜைத் தூக்கினார்கள். தெருவில் ஷட்டர்கள் இறங்க, வேதசிரோமணி கைத்தடியை ஊன்றி எழுந்து அவர்களோடு சேர்ந்து நடந்தார்.